ஆர்எக்ஸ்-8: எல்எஸ் காயிலுக்கு மாறும் முன்

உங்கள் 2004 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 சூடானதும் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேல் திணறுகிறது, எல்எஸ் காயில் (ஜிஎம் நிறுவனத்தின் எல்எஸ் வி8 என்ஜின்களில் வரும், பிளக்கில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில்) போட்டால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். காயில் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். இந்த வண்டியில் அவை சீக்கிரம் தளர்ந்துவிடும், அதுவும் சூட்டில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அது உருகி அடைத்துக்கொண்டால் வெளியேற்றச் சூடு என்ஜின் பக்கமே தேங்கும். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இந்த ரோட்டரி என்ஜினில், ரோட்டரின் ஓரங்களில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்களுக்கு அது பெரிய கேடு. உயர் சுற்றில் இழுவை குறைவதற்கு அந்த அடைப்பே காரணமாகவும் இருக்கலாம், அதனால் கன்வெர்ட்டரையும் பாருங்கள்.

என் யோசனை: நான்கு காயில், நான்கு பிளக், வயர்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றுங்கள். பழைய வயரோடு புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே லீடிங் (முன்னணிப் பிளக்), மேலே டிரெய்லிங் (பின்தொடரும் பிளக்). இரண்டு பிளக்கும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

எல்எஸ் காயில் வலுவானதுதான். ஆனால் கனெக்டரும் தாங்கியும் வேறு, அதன் முழு பலம் கிடைக்க டுவெல் நேரத்தையும் (ஒவ்வொரு பொறிக்கும் முன் காயிலில் மின்சாரம் ஏறும் நேரம்) கூட்ட வேண்டும். டர்போ இல்லாத வண்டிக்கு நல்ல ஒரிஜினல் காயிலே போதும். எதற்கும் முதலில் ரோட்டரிக்கான மீட்டரில் கம்ப்ரெஷன் (என்ஜினுக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் எந்தக் காயிலும் உதவாது.