கிணற்று டைவும் 10 மீட்டர் மேடையும்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. தோட்டத்துக் கிணற்றில் பயமில்லாமல் தலைகீழாக டைவ் அடிக்கிறான். பிளாட்ஃபார்ம் டைவிங்கில் (உயரமான மேடையிலிருந்து குளத்தில் பாயும் விளையாட்டு) சேர்க்கலாமா? – வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், தொடங்க ஏற்ற வயதுதான். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது கையை. கிணற்றில் பிள்ளைகள் கும்பிட்ட கையோடு, விரல்நுனி முன்னால் போகப் பாய்வார்கள். 10 மீட்டர் மேடையிலிருந்து வருகிறவர் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார். அந்த வேகத்தில் கூப்பிய கை பிரிந்து, அடி நேரே மண்டையில் விழும். அதனால் ஒரு கையால் மறு கையைப் பற்றி, உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீருக்குக் காட்ட வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. மேற்கை காதோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளங்கை திறக்கும் பள்ளத்துக்குள்ளேயே உடம்பு இறங்கினால் தண்ணீர் தெறிக்காது. முங்கியதும் கைகளைப் பக்கவாட்டில் விரித்துவிடுவார்கள்.

வீட்டிலேயே சுவரை ஒட்டித் தலைகீழாகக் கையில் நிற்கப் பழக்குங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள. இடுப்பு வளைந்தால் உடனே இறக்கிவிடுங்கள். அதே வளைவு தண்ணீரில் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். மெத்தையில் குட்டிக்கரணம், கால்விரல் நீட்டல் இரண்டும் தினமும் வேண்டும்.

10 மீட்டர் மேடைக்குக் கீழே 5 மீட்டர் ஆழம் தேவை. சாதாரண நீச்சல் குளத்தில் அது கிடையாது. சென்னை வேளச்சேரி வளாகத்தில் டைவிங்குக்கென்றே குளம் இருக்கிறது. 1 மீட்டர், 3 மீட்டர் உயரத் துள்ளு பலகைகள், பிறகு 5, 7.5 மீட்டர் மேடைகள் என்று ஏறி 10-க்கு வரவே சில வருஷம் ஆகும். அவசரப்படுத்தும் பயிற்சியாளரிடம் விடாதீர்கள். புனே ராணுவ விளையாட்டு நிறுவனத்திலும் டைவிங் பயிற்சி உண்டு. பிழைப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, ராணுவ வேலைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

மணிக்கட்டும் தோளும் அடிக்கடி அடிபடும். விழித்திரையும் பாதிக்கப்படலாம். பையனுக்குக் கிட்டப்பார்வை அதிகமென்றால் கண் டாக்டரிடம் காட்டாமல் சேர்க்காதீர்கள்.

தாமிரபரணியில் மட்டும் தலைகீழாகப் பாயவே விடாதீர்கள். அணையில் தண்ணீரைக் குறைத்தால், போன வாரம் நீச்சல் ஆழமாக இருந்த இடம் இந்த வாரம் இடுப்பளவுதான். கழுத்தெலும்பு முறிந்தால் கைகால் விளங்காமல் போய்விடும்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தனிநபர் போட்டியில் 7 நடுவர்கள். அதிகமான இரண்டையும் குறைவான இரண்டையும் நீக்கி, மீதி மூன்றின் கூட்டுத்தொகையைக் கடின அளவால் (அந்த டைவ் எவ்வளவு கடினம் என்பதற்குக் கொடுக்கும் எண்) பெருக்குவார்கள். 7, 7.5, 7.5, 8, 8, 8, 8.5 என்று வந்தால் மிஞ்சுவது 7.5, 8, 8. ஆக 23.5. கடின அளவு 3.2 என்றால் 75.20.