கலப்பு முழு எண் நேரியல் கணக்குகளுக்கு (சில மாறிகள் முழு எண்ணாக மட்டுமே வரவேண்டிய நேரியல் கணக்குகள்) திறமூல சால்வர், அதாவது சிறந்த விடையைத் தேடும் இலவச மென்பொருள் போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். காசு கட்டும் முன் உங்கள் மாடலை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எந்தக் கிடங்கைத் திறப்பது, எந்தக் கடைக்கு எங்கிருந்து எத்தனை மூட்டை அனுப்புவது என்ற கணக்கு. பைத்தானில் பல்ப் (PuLP) என்ற நூலகம் வைத்து எழுதினேன், கூடவே வந்த சிபிசி (CBC) என்ற திறமூல சால்வரில் ஓடவிட்டேன். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு மாறி: திறந்தால் 1, மூடினால் 0. மூடிய கிடங்கிலிருந்து எதுவும் போகக்கூடாது என்பதற்காக, "அனுப்பும் மூட்டை ≤ 10,00,000 × கிடங்கு மாறி" என்று ஒரு வரி. பெரிய எண் போட்டால் பத்திரம் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க ஓடியும் கேப், அதாவது கையில் உள்ள விடைக்கும் அதற்குமேல் போக முடியாது என்ற வரம்புக்கும் உள்ள இடைவெளி, அசையவில்லை.

காரணம் அந்த 10 லட்சம்தான். சால்வர் முதலில் 0, 1 என்ற நிபந்தனையைத் தளர்த்தி, இடையில் எந்தப் பின்னமும் வரலாம் என்று வைத்துத்தான் கணக்குப் போடும். 400 மூட்டை அனுப்ப மாறி 0.0004 இருந்தால் போதும். 50,000 ரூபாய் வாடகை 20 ரூபாய் ஆகிவிடும். எல்லாக் கிடங்கும் கிட்டத்தட்ட இலவசமாகத் தெரியும்போது, எந்தக் கிளையை (எந்தக் கிடங்குச் சேர்க்கைகளை) வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. 0.000001 வரையிலான பிசகைச் சால்வர் முழு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதை 10 லட்சத்தால் பெருக்கினால் 1. என் விடையில் மூடிய கிடங்கிலிருந்து சரியாக ஒரு மூட்டை போயிருந்தது!

10 லட்சத்துக்குப் பதில் கிடங்கின் உண்மையான கொள்ளளவு 400ஐப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு கடைக்கும் தனி வரி: 30 மூட்டை கேட்கும் கடைக்கு ஒரு கிடங்கிலிருந்து அனுப்புவது ≤ 30 × அந்தக் கிடங்கு மாறி. வரிகள் கூடின, ஆனால் சாப்பிட்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது. அதே சிபிசி, அதே லேப்டாப்.

இன்று புதிதாகத் தொடங்கினால் ஹைஸ் (HiGHS) என்ற திறமூல சால்வரை எடுப்பேன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவானது, எம்ஐடி உரிமம். பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் 1.9 பதிப்பு முதல் உள்ள மில்ப் (milp) கட்டளைக்குள் ஓடுவதும் இதுதான். பெர்லினின் ஸ்கிப் (SCIP) சால்வரும் 2022 முதல் அப்பாச்சி உரிமத்தில் கிடைக்கிறது. நேரியல் அல்லாத கட்டுப்பாடு இருந்தால் அது. ஜிஎல்பிகே (GLPK) என்ற இன்னொரு திறமூல சால்வர் கற்றுக்கொள்ள நல்லது, பெரிய கணக்குக்குத் திணறும்.

இவ்வளவு செய்தும் கேப் இறங்கவில்லை, உங்களுக்கோ தினமும் சில நிமிடத்தில் விடை வேண்டும் என்றால், குரோபி (Gurobi) மாதிரி வணிக சால்வரின் சோதனை உரிமம் கேட்டு அதே கோப்பை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.