கடைக்காரர் போட்ட டயர் மட்கார்டில் உரசினால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: என் காருக்கு கம்பெனி கொடுத்தது 195/65 ஆர்15 டயர். 17 இஞ்ச் அலாய் வீல் போட ஆசைப்பட்டு ஒரு கடையில் கேட்டேன். கதவோரம் ஒட்டியிருந்த, டயர் அளவு போட்ட ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "உங்க வண்டிக்கு கரெக்டா உட்காரும்" என்று பதில் வந்தது. 7.5ஜே (7.5 இஞ்ச் அகல) வீலும் 215/55 ஆர்17 டயரும் போட்டு, பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்தே ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பினாலும், பின்சீட்டில் ஆள் ஏறினாலும் உரசல். மூன்று வாரத்தில் ஒரு டயரின் பக்கவாட்டு கிழிந்து வெடித்து, வண்டி நடுத்தடுப்பில் மோதியது. "பெருசா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க, பில்லில் 'பொருத்தியபின் மாற்ற இயலாது' என்று போட்டிருக்கிறதே" என்கிறது கடை. வண்டியில் மாற்றம் செய்ததைத் தெரிவிக்கவில்லை என்று இன்சூரன்ஸ்காரர்களும் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் வழக்கு மொத்தமும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: அந்த டயர் அளவைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களே "215/55 ஆர்17 போடுங்கள்" என்று அளவு சொல்லிக் கேட்டிருந்தால், கேட்டதைக் கொடுத்தோம் என்று கடைக்காரர் கையைக் கழுவிவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டது 17 இஞ்ச் வீல், அவ்வளவுதான். என்ன வண்டி என்று சொல்லி, ஸ்டிக்கரையும் அனுப்பி, எது பொருந்தும் என்பதை அவர் அனுபவத்திடம் விட்டுவிட்டீர்கள். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, அந்தத் தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது விற்பனைச் சட்டங்களில் பழைய விதி, ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் பதில்தான் உங்கள் முதல் சாட்சி. போன் தொலைவதற்குள் அந்த உரையாடலை முழுசாக, தேதி தெரியும்படி எடுத்து வேறு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.

சரி, அளவு உண்மையிலேயே தப்பா? இதற்கு நிபுணர்கூட வேண்டாம், கால்குலேட்டர் போதும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. அதாவது 126.75 மி.மீ., மேலும் கீழுமாகச் சேர்த்து 253.5. அதோடு 15 இஞ்ச் ரிம், 381 மி.மீ. மொத்த விட்டம் 634.5. இதே கணக்கை 215/55 ஆர்17க்குப் போட்டால் 668.3 வருகிறது. கிட்டத்தட்ட 34 மி.மீ. பெரிய டயர், 5.3 சதவீதம் கூடுதல். இந்தத் தொழிலில் பொதுவாக 3 சதவீதத்துக்குள் நிறுத்து என்பார்கள். அதே வீலில் 225/45 ஆர்17 போட்டிருந்தால் விட்டம் 634.3, பழைய டயருக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம்தான். ரிம் பெரிதானால் பக்கவாட்டைக் குறைக்க வேண்டும் என்ற அரிச்சுவடியைத்தான் கடைக்காரர் கோட்டைவிட்டிருக்கிறார். இன்னொன்று, மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 வரை போயிருக்கலாம். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று பல நாடுகளின் வாகன விதிகள் சொல்கின்றன, அதையும் கடைக்கு அனுப்பப்போகும் நோட்டீசில் சேர்க்கலாம்.

எடை தாங்குவதைப் பற்றி மட்டும் ஆராயாமல் எழுதிவிடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ஸ்டிக்கரில் 91 என்றிருந்து (ஒரு டயருக்கு 615 கிலோ), புது டயரில் 94 என்றிருந்தால் (670 கிலோ), அந்தப் பக்கம் உங்களுக்கு வாதமே கிடையாது. இல்லாத குறையை நோட்டீசில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சேர்த்துக் கேலி செய்வார்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து போன் வரும், "வாங்க சார், டயரை மட்டும் மாத்தித் தர்றோம்" என்றோ, "மட்கார்டு ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு விட்டா சரியாயிடும்" என்றோ. அவசரப்பட்டுப் போகாதீர்கள். பழைய வீல் 6ஜே, ஆஃப்செட் 45, புது வீலின் ஆஃப்செட் 35 என்று வைத்துக்கொள்வோம் (ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்; அது குறைந்தால் வீல் வெளியே தள்ளும். வீலின் உட்புறத்தில் பொறித்திருப்பார்கள், பார்த்துவிடுங்கள்). அகலம் ஒன்றரை இஞ்ச் கூடியதில் பாதி 19 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 10 மி.மீ., ஆக வீலின் வெளி ஓரம் முன்பிருந்ததைவிட 29 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அப்படியானால் டயரை மாற்றினாலும் உரசல் தீரும் என்று சொல்ல முடியாது, கோளாறு வீலிலும் இருக்கிறது, செட்டையே திருப்பி எடுக்கச் சொல்ல வேண்டும். மட்கார்டை மடிப்பது உங்கள் வண்டியில் இன்னொரு மாற்றம், அதற்கு நீங்கள் சம்மதித்ததாகவும் ஆகிவிடும். "இத்துடன் எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பார்த்தவரை நல்ல வழக்குகள் கோர்ட்டில் தோற்பதைவிட இப்படி ஒரு துண்டுத் தாளில் தோற்பதுதான் அதிகம்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பணம் வாங்கிய பிறகு நீட்டிய தாளில் இருக்கும் நிபந்தனை, பேரம் முடியும்போது உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதே முதல் கேள்வி. அது "மனசு மாறி மாற்றக் கேட்காதே" என்பதற்குச் செல்லும், தப்பான பொருளை விற்றதற்குக் கேடயமாக அதைத் தூக்கிப் பிடிப்பது கடினம், நுகர்வோர் சட்டம் உள்ள இடங்களில் இன்னும் கடினம். பொருத்துவதற்கு முன்பு "உரசினால் என் பொறுப்பு" என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அப்படி எதுவும் இல்லையே?

உங்கள் பக்கம் உள்ள ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே உரசியது தெரிந்தும் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறீர்கள். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று நீதிமன்றம் கேட்கும். உரசல் பற்றிக் கடைக்குப் போன் செய்தோ மெசேஜ் அனுப்பியோ இருந்து, "போகப் போக செட் ஆயிடும்" என்ற மாதிரி ஏதாவது பதில் வந்திருந்தால் அது தங்கம், தேடி எடுங்கள். எதுவுமே சொல்லவில்லை என்றால், டயர், வீல் பணத்தைக் கேட்பதில் பிரச்சினை இல்லை, மோதலில் ஏற்பட்ட சேதத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவேன். மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருந்து, நீங்கள் தெரிவிக்கவில்லை என்றால் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. ஆனாலும் மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின்படி என்று எண்ணோடு கேளுங்கள். தெரிவிக்காத மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று சில நாட்டுச் சட்டங்கள் கேட்கும், ஆனால் உங்கள் விஷயத்தில் தொடர்பு இருக்கிறது என்று கடைக்கு எதிராக நீங்களே வாதிடப்போகிறீர்கள், இரண்டு பக்கமும் பேச முடியாது. அதனால் கிளெய்ம் மறுக்கப்பட்ட தொகையையும் கடைக்காரரிடம் கேட்கும் நஷ்டத்தில் சேர்ப்பதுதான் என் யோசனை. கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்காமல் விட்டால் நிச்சயம் கிடைக்காது.

கிழிந்த டயரைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று கேட்டாலும் கூடாது. உரசிய தடம் டயரிலும் மட்கார்டின் உள்பக்கத்திலும் தெரியும்படி படம் எடுங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாகன மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், அதுவும் ரிப்பேருக்கு விடுவதற்கு முன்பு. பிறகு நோட்டீஸ்: வீல், டயருக்கான பணம், எக்ஸ்சேஞ்சில் போன பழைய செட் அல்லது அதன் மதிப்பு, பழுது பார்க்கும் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், பதிலுக்கு 15 நாள் கெடு. வண்டி ரிப்பேர் முடிந்து வந்தாலும் அந்த வீல்களோடு ஓட்டாதீர்கள், ஸ்டிக்கரில் உள்ள அளவில் ஒரு செட் போட்டு அந்த பில்லையும் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுக்க எல்லா ஊரிலும் காலக்கெடு உண்டு, அதனால் பதில் வராவிட்டால் பதினாறாம் நாளே பில், படங்கள், அறிக்கை எல்லாவற்றோடும் ஒரு உள்ளூர் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.