பால் நிறமா, பாசி நிறமா, பிளேன்டீ நிறமா?

மீன் தொட்டி: வாசகர் கேள்விகள்

ஆடி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே கடிதம்தான். "ஐயா, தண்ணி கலங்கிப் போச்சு." எப்போது கலங்கியது, என்ன நிறம் என்று பாதிப் பேர் எழுதுவதே இல்லை. தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்த காலம் முழுக்க சாயத்தை வெள்ளைக் கோப்பையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தே பழகியவன் நான். தொட்டித் தண்ணீரையும் அப்படித்தான் பார்க்கிறேன். இனி எழுதுகிறவர்கள் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து நிறத்தைப் பாருங்கள். உயரமான கண்ணாடிக் கிளாஸில் இன்னும் கொஞ்சம் எடுத்து மேசையில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடியிலிருந்து மேலே தெளிந்து வந்தால் அது வெறும் காற்று. மேட்டிலிருந்து குழாயில் அழுத்தத்தோடு வரும் குளிர்ந்த தண்ணீரில் அப்படி இருக்கும், பயமில்லை. மேலிருந்து கீழே தெளிந்தால் மண். மறுநாள் காலையிலும் அப்படியே மங்கி நின்றால் ஒன்று பக்டீரியா, இல்லாவிட்டால் பச்சைப் பாசி, அதுவும் இல்லாவிட்டால் படியவே படியாத பொடிக் களி.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி வாங்கி ஐந்து தங்கமீன் விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். கடையில் கொடுத்த நீலத் திரவமும் விடுகிறேன். இரண்டு வாரமாகியும் சரிவரவில்லை.
(வாசகி, தலவாக்கலை)

தங்கச்சி, முதலில் அந்த நீலப் போத்தலை அலுமாரியில் பூட்டுங்கள். இப்படிக் கொடுக்கும் நீலத் திரவம் பெரும்பாலும் மெதிலீன் நீலம். மீனின் உடம்பில் பூஞ்சணம் பிடித்தால் அது மருந்து. தண்ணீரைத் தெளிய வைக்காது, வேண்டிய பக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும்.

நீங்கள் பார்க்கும் பால், மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் திடீரென்று பெருகிய பக்டீரியா. அதைச் சும்மா விட்டால் சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், தானே அடங்கும். நமக்கு வேண்டியவை வேறு இரண்டு கூட்டம். அவை ஸ்பொன்ஜிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும். ஒரு கூட்டம் மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், மற்றது அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியானது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்தக் கூட்டங்கள் குடியேற, தண்ணீர் 26, 27 பாகையில் இருக்கும் கொழும்பு வீட்டில் நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். நம் மலைநாட்டுக் குளிரில் 18 பாகைக்கு இறங்கினால் அவை பெருகும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வீடியோவில் கொழும்புக்காரரோ சென்னைக்காரரோ சொல்லும் நாள்கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுத்தால் ஏமாற்றம்தான். ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு இரண்டு, மூன்று மாதம் ஒதுக்கிவிடுங்கள். முழுத் தண்ணீரையும் மாற்றிக் கல்லையும் கழுவினால் அன்றைக்கு மறுபடி முதல் நாள்.

ஆகவே இன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும். மாற்றப்போகும் தண்ணீர் முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் இருக்கட்டும். காலையில் குழாயிலிருந்து நேரே ஊற்றினால் குளிரில் மீன் அடித்துப்போகும். தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. அக்கம்பக்கத்தில் நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவர் இருந்தால் அவருடைய ஸ்பொன்ஜைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு கோப்பை கேட்டு வாங்கி உங்கள் ஸ்பொன்ஜ் மேல் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், அதைவிட நல்ல மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

இன்னொன்று, மகனுக்குப் பிடிக்காது. இரண்டடித் தொட்டியில் நிற்பது ஐம்பது லீற்றர் தண்ணீர். தங்கமீன் அரையடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். ஐந்துக்கு அங்கே இடமில்லை. இரண்டை வைத்துக்கொண்டு மூன்றைப் பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். அந்த இரண்டுக்கும் கொஞ்ச காலத்தில் பெரிய தொட்டி தேட வேண்டி வரும்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணிதான். மழை தொடங்கினால் காவி நிறத்தில் வருகிறது, வாளியில் இரண்டு நாள் வைத்தாலும் தெளியவில்லை. சீனக்காரம் (படிகாரம்) போடச் சொல்கிறார் அம்மா. போடலாமா?
(வாசகர், மஸ்கெலியா)

தம்பி, அம்மா சொல்வது குடிதண்ணீருக்கு. மீனுக்கு வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1989 ஜூன் மாதம், பொகவந்தலாவைப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலில் நூறு லீற்றர் பிடிக்கும் சீமெந்துத் தொட்டி, அதில் இருபதுக்கு மேல் வாள்வால் மீன்கள். பத்து நாள் விடாத மழை, தொட்டி முழுக்கச் செம்மண். ஒரு பாக்கு அளவு சீனக்காரத்தைத் துணியில் கட்டி நானே சுற்றிக் கலக்கினேன். பின்னேரம் பார்த்தால் அடியில் கிடந்த ஐந்து சதக் குற்றியில் எழுத்தே தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் அடித்தேன். விடிந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் நேரம் எழுந்துபோய்ப் பார்த்தால் ஒரு மீன் மிச்சமில்லை. தண்ணீர் மட்டும் அப்படியே பளபளவென்று நின்றது.

காரணம் எனக்கு விளங்கியது தேத்தண்ணியில்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போகும்போது எங்கள் ஸ்டோர் பி.ஓ.பி. ரகத் தேயிலைத் தூள் கொண்டுபோனேன். அங்கே ஊற்றிய பிளேன்டீ மங்கலாக, மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடையோடு வந்தது. தூளில் பிழையில்லை. அந்த மண் சுண்ணாம்புக்கல், கிணற்றில் கரைந்த சுண்ணாம்பு அதிகம். நம் பீலித் தண்ணியில் அது மிகக் குறைவு, அதனால்தான் இங்கே சாயம் மினுங்குகிறது. ஆனால் சாயத்தைக் கெடுக்கும் அந்தச் சுண்ணாம்புதான் மீனைக் காப்பது. தண்ணீரில் புளிப்பு ஏறினால் அதைத் தின்று சமப்படுத்தும். சீனக்காரம் களியைத் திரட்டிப் படிய வைக்கும்போதே தண்ணீரைப் புளிக்க வைக்கிறது. சுண்ணாம்பு நிறைந்த வன்னீரில் அது தெரியாது. சுண்ணாம்பு குறைந்த நம்முடைய மென்னீரில் தடுக்க ஆளில்லாமல் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, இறங்கினால் புளிப்பு) ஒரே இறக்கமாக இறங்கும், அந்தப் புளிப்பில் சீனக்காரத்திலுள்ள அலுமினியம் மீனின் செவுளில் போய் ஒட்டும். என் வாள்வால்கள் போனது அப்படி.

வாளியில் தெளியாததற்கும் இதே காரணம்தான். களித்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து இறங்கவும் சுண்ணாம்பு உதவும். அது இல்லாத தண்ணீரில் துகள் தனித்தனியாக மிதந்துகொண்டே இருக்கும்.

வழி இருக்கிறது, கொஞ்சம் வேலை. மழைக்கு முன்பே ஒரு பரலில் நல்ல தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். மழை நாட்களில் தீனியைப் பாதியாக்கி, கிழமைக்கு ஒரு வாளி மட்டும் மாற்றுங்கள். பரல் தண்ணீரும் முடிந்தால், அடியில் ஓட்டை போட்ட வாளியில் கல், அதன் மேல் கழுவிய ஆற்று மணல் ஓரடி போட்டுத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். ஊற்றிய வேகத்தில் கீழே வந்தால் மண்ணும் கூடவே வரும், சொட்டுச் சொட்டாக வர வேண்டும். தொட்டியின் வடிகட்டியில் தலையணைக்கு அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சை ஒரு தட்டு வைத்தால் மிச்சக் களியில் நிறையப் பிடிக்கும். இலவம் பஞ்சு வேண்டாம், அழுகும்.

கூடவே ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டைக் கழுவி வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் போட்டுவிடுங்கள். மெதுவாகக் கரைந்து சுண்ணாம்பு கொடுக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் (சுண்ணாம்புக்கல் வகை) தூளைப் போடலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். தூள் வேண்டாம், தொட்டி மறுபடி கலங்கும். கல்லாகக் கிடைத்தால் போடலாம்.

கேள்வி: என் தொட்டியில் தண்ணீர் எப்போதும் பளிங்குதான். ஞாயிறுதோறும் கல், ஸ்பொன்ஜ் எல்லாவற்றையும் குழாயில் அலசித் துப்புரவாக வைக்கிறேன். அப்படியிருந்தும் மாதம் இரண்டு மூன்று மீன் சாகிறது.
(ஆசிரியை, பண்டாரவளை)

டீச்சர், என் வெள்ளைக் கோப்பை தோற்றுப்போகும் இடம் இது. அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் நிறம் கிடையாது. தேத்தண்ணியில் உப்பைப் போட்டால் பார்வைக்குத் தெரியுமா? அதுபோலத்தான்.

டவுன் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அதில் ஸ்பொன்ஜை அலசும் ஒவ்வொரு ஞாயிறும் நான் முதல் கேள்வியில் சொன்ன கூட்டத்தைக் கொன்று சாக்கடையில் விடுகிறீர்கள். திங்கள் முதல் அமோனியா ஏறும். இனித் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பொன்ஜை இரண்டு பிழி பிழிந்தால் போதும், அதுவும் ஓட்டம் குறையும்போது மட்டும். கல்லை எடுக்கவே வேண்டாம், குழாய் வைத்து அதனிடையே உள்ள அழுக்கை உறிஞ்சுங்கள். புதுத் தண்ணீரைக் காற்று மோட்டர் ஓடவிட்டு ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பு மீன் கடையில் கிடைக்கும். முடிந்தால் ஒரு சோதனைக் கிட் வாங்குங்கள். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும். தொட்டியின் மூலையில் கொஞ்சம் பாசி படிந்தால் படியட்டும்.

கேள்வி: தண்ணீர் பச்சை. மாற்றினால் மூன்று நாளில் மறுபடி பச்சை. தொட்டி ஜன்னல் ஓரம். வீட்டுக்கு மேலே மரக்கறித் தோட்டம், அதன் கீழே ஊறும் ஊற்றுத் தண்ணீர்தான் தொட்டிக்கு.
(மாணவன், நுவரெலியா)

தம்பி, கேள்விக்குள்ளேயே பதிலையும் எழுதிவிட்டாய். வெயில் ஒன்று, மேலேயிருந்து ஊறி வரும் பசளை ஒன்று. 1868 மீட்டர் உயரத்துக் குளிரிலும் இந்தப் பாசிக்கு அவை போதும். தொட்டியைச் சுவர் ஓரம் நகர்த்து. நான்கு நாள் போர்வையால் முழுக்க மூடு, விளக்கும் தீனியும் வேண்டாம், காற்று மட்டும் ஓடட்டும். பிறகு பாதித் தண்ணீர் மாற்று. அதன்பின் விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரியக் கூடாது. வேலம்பாசி இரண்டு கைப்பிடி போட்டால் பசளையை அது தின்னும். லீக்ஸுக்கு மருந்தடிக்கும் நாட்களில் அந்த ஊற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதே.

கேள்வி: பழைய தேயிலை மலையில் செடி பிடுங்கியபோது எடுத்த தேயிலை வேரைத் தொட்டியில் வைத்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் பிளேன்டீ போல ஆகிவிட்டது.
(வாசகர், ஹப்புத்தளை)

வாழ்நாள் முழுக்கச் சாயம் இறக்கியவனிடம் சாயத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள்!

மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து அது, மீனுக்குக் கெடுதி இல்லை. எனக்குக் கவலை வேறு. அந்த மலையில் எத்தனை வருஷம் களைக்கொல்லி அடித்திருப்பார்கள்? வேரை வெளியே எடுங்கள். பட்டையைச் சுரண்டி, ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, பிறகு ஒரு மாதம் பரலில் ஊறப்போட்டு, தண்ணீரைக் கிழமைக்கு இரண்டு முறை ஊற்றி மாற்றுங்கள். மண்ணுக்கு மேலே நின்ற மரத்துண்டு கிடைத்தால் வேரைவிட அதுதான் நல்லது. மறுபடி வைக்கும்போது சிப்பி ஓட்டுப் பையும் இருக்கட்டும், துவர்ப்பும் தண்ணீரைப் புளிக்க வைக்கும்.

கொஞ்சம் சாயம் மிஞ்சினால் ஒரு யோசனை. நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய ஒரு மீன் இருக்கிறது, சிங்களத்தில் 'புலத் ஹப்பயா', வெற்றிலை சப்புகிறவன். ஆண் மீனுக்குத் தலைப்பக்கம் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவக்கும், மற்ற உடம்பு கறுக்கும். மர நிழல் விழும் ஓடைகளில் வாழ்வது, இந்த நிறத் தண்ணீரில் அது எடுக்கும் அழகே வேறு. தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்ப்பவர்களிடம் மட்டும் வாங்குங்கள். ஓடையில் வலை போடாதீர்கள், இருப்பதே கொஞ்சம்.

கேள்வி: 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்று விட்டால் தண்ணீர் தெளியுமா?
(வாசகர், பதுளை)

தெளியாது. சின்னதாக இருக்கும்போது கண்ணாடியில் பாசி சுரண்டும். ஓரடி தாண்டி வளர்ந்த பிறகு அது தின்பதைவிடக் கழிப்பதுதான் உங்கள் கண்ணில் படும். அப்போது அலுத்துப்போய் பதுளு ஓயாவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். இலங்கை நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றுதான் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. அப்படியானால் இந்தக் கிழமைக்குள் கடையில் திருப்பிக் கொடுங்கள், சின்னதாக இருக்கும்போதுதான் திருப்பி எடுப்பார்கள்.