தகரப்பெட்டியில் இருக்கிறது வெளியுறவு

இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருப்பவர், கல்லூரிகளில் 30 வருஷத்துக்கு மேல் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் வசிக்கும் பேராசிரியை.

*அம்மா, சேரம்பாடி பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டேன். அரசியல் அறிவியலில் பி.ஏ., அப்புறம் சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படிக்க ஆசை. வீட்டில் நர்சிங் இல்லாவிட்டால் பி.காம். என்கிறார்கள். "கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு விவகாரம் எதுக்கு?" என்று மாமா கேட்கிறார். என்ன பதில் சொல்வது? இந்தப் படிப்பில் என்னதான் கற்றுக்கொடுப்பார்கள்?*
*– ஒரு மாணவி, சேரம்பாடி*

கண்ணு, மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள். சேரம்பாடியில் டேன்டீ எப்படி வந்தது? யாருக்காக அங்கே தேயிலை நட்டார்கள்? அவருக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளித் தமிழர்கள் சுமார் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சமுள்ள 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்து இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிற்பாடு டேன்டீ ஆனது. நீ உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிய குடியிருப்பே இரண்டு நாட்டுப் பிரதமர்கள் போட்ட கையெழுத்தால் வந்ததுதான்.

நானும் அந்தக் கணக்கில் வந்தவள். ஒப்பந்தம் நடந்த அதே 1964இல் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து ரயில், மேட்டுப்பாளையத்தில் பஸ், கடைசியில் கோத்தகிரி. அப்பாயி, அப்பா, அம்மா, பிள்ளைகள் மூன்று பேர், ஆக ஆறு பேர். கையில் பாத்திரம் பண்டம் கொஞ்சம், அம்மாவின் கொழுந்துக் கூடைக் கயிறு, அப்புறம் குடும்ப அட்டை. ரேஷன் அட்டை இல்லை, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் என்பதற்கான அட்டை.

அந்த அட்டையை அப்பாயி ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சிலுவை மாதிரி தெரியும். மேலே எங்கள் ஆறு பேர் படம். அதன் மேல் குத்திய ரப்பர் முத்திரை என் தாடையில் பாதியை மறைத்துவிட்டது. அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்காக ஓர் அலுவலகம் என் அப்பாவை இரண்டு வருஷம் நடக்க வைத்தது. "அட்டையில் இருக்கிற ஆள் நீ இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கொழுந்துக் காலத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய், அதே பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வந்ததும் அட்டையை விரித்துப் பார்ப்பார், மறுபடி மடித்து வைப்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பி.ஏ. இரண்டாம் வருஷம் எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் 5,25,000 – 3,00,000 – 1,50,000 என்று எழுதினார். நான் எழுந்து நின்று, "சார், அந்த முதல் எண்ணில் எங்கள் வீட்டு ஆட்கள் ஆறு பேர்" என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வகுப்புக்கு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். நாற்பது பேர் கை மாறி அது என்னிடம் திரும்பியபோது, இந்தப் பாடத்தை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்தப் படிப்பில் என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தாய். அதே ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதுதான் நேருவின் நிலை. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர் காலம் முழுக்க டெல்லி இறங்கிவரவில்லை. அவர் மறைந்த சில மாதங்களில் இறங்கிவந்தது. ஏன்? 1962 சீனப் போரில் அடிபட்ட இந்தியாவுக்குப் பக்கத்து நாடுகளின் நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது என்று ஒரு விளக்கம். இப்படி நாட்டின் வலிமையையும் நலனையும் வைத்துப் பார்ப்பதை யதார்த்தவாதம் என்பார்கள். பிறந்து வளர்ந்த மண்ணிலிருந்து ஒருவரை அவரைக் கேட்காமலே இன்னொரு நாட்டுக்குக் கணக்கு வைத்து அனுப்பலாமா என்று கேட்பது இன்னொரு பார்வை. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அன்றைக்கே இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். எங்களை யாரும் கேட்கவில்லை. அப்பாயியையும் கேட்கவில்லை. 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் மிச்சமிருந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சட்டத்தைப் படிப்பவர், வரலாற்றைப் படிப்பவர், ஆட்சியைப் படிப்பவர் எல்லோரும் இந்த ஒரே காகிதத்தை வேறு வேறு விதமாக வாசிப்பார்கள். அத்தனை வாசிப்பையும் பழக்கி, நீயாக ஒரு முடிவுக்கு வரச் சொல்லும் படிப்பு இது. எம்.ஏ. முடிப்பதற்குள் உன் தாத்தா பாட்டி பெயர் எந்தப் பட்டியலில், ஏன் விழுந்தது என்று நீயே ஆதாரத்தோடு எழுதலாம்.

மாமாவுக்கு இன்னொன்றும் சொல். 1919இல் சர்வதேச அரசியலுக்கென்று முதன்முதலாகப் பேராசிரியர் பதவி ஏற்படுத்திய ஊர் லண்டன் இல்லை. வேல்ஸில் கடலோரம் இருக்கிற அபெரிஸ்ட்வித் என்ற சின்ன ஊர். முதல் உலகப் போரில் அத்தனை பேர் செத்த பிறகு, இனி இப்படி நடக்காமலிருக்க என்ன வழி என்று கேட்கத்தான் அந்தப் பதவியையே உண்டாக்கினார்கள்.

சரி, சேர்வது எப்படி? நம் மாநிலக் கல்லூரிகளில் இளநிலையில் பெரும்பாலும் அரசியல் அறிவியல்தான் இருக்கும். சர்வதேச உறவுகள் அதில் ஒன்றிரண்டு தாளாக வரும். அது போதும். நமக்குப் பக்கத்தில் கோவை அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, சென்னை போக முடிந்தால் மாநிலக் கல்லூரி. எம்.ஏ.வுக்குப் புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுகள் துறை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை. டெல்லி ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. புதுச்சேரிக்கும் ஜே.என்.யூ.வுக்கும் சி.யூ.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதை விட்டுவிடாதே. நர்சிங் நல்ல படிப்பு. ஆனால் மனம் இங்கே இருக்கும்போது அங்கே போய் உட்காராதே.

*ஐயா/அம்மா, கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பையன் என்னைக் கேட்காமல் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்துவிட்டான். கட்சி, கொடி என்று போய்விடுவானோ என்று பயம். வேலையாவது கிடைக்குமா?*
*– ஒரு தந்தை*

ஐயா, என் வகுப்பில் படித்தவர்களில் கட்சிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிலர்தான். கட்சிக்குப் போவதற்கு இந்தப் பட்டம் தேவையும் இல்லை. கொடி பிடிப்பதும் அரசியல் அறிவியலும் வேறு வேறு.

உங்கள் பச்சைத் தேயிலை விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது சோவியத் யூனியன். 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. மாஸ்கோவில் நடந்தது குன்னூர் ஏல மையத்துக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து உங்கள் ஹட்டி வரைக்கும் வந்தது. 1998 டிசம்பரில் இந்தியா–இலங்கை தாராள வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு இத்தனை கிலோ வரைக்கும் குறைந்த வரியில் வரலாம் என்று அதில் ஒரு வரம்பு இருக்கிறது. 2009இல் ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தத்தில் தேயிலை, காபி, மிளகு, பாமாயிலுக்கு மட்டும் வரிக் குறைப்பைத் தனிப் பட்டியலாக வைத்து மெதுவாகச் செய்தார்கள். அந்தப் பட்டியலில் தேயிலையைச் சேர்க்க யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து வாதாடியிருக்க வேண்டும். அந்த மேஜையில் பச்சைத் தேயிலையைக் கையால் தொட்ட ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்! உங்கள் பையனைப் பற்றி எனக்கு அந்த ஆசை இருக்கிறது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பட்டம் வாங்கியதும் கூப்பிட்டுக் கொடுக்கும் வேலை இதில் கிடையாது. தேர்வு எழுத வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். வெளியுறவுப் பணி, ஐ.எஃப்.எஸ்., அதே தேர்வு வழிதான். அதைவிட எட்டக்கூடிய ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரிகள் தேர்வு எழுதினால் போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் அரசியலமைப்பு பகுதி அவனுக்கு ஏற்கெனவே படித்த பாடம். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் எம்.ஏ., நெட் தேர்வு. ஐந்தாறு வருஷம் பொறுமை வேண்டும், வீட்டிலிருந்து நீங்கள் கொடுக்கும் தைரியமும் வேண்டும். மூன்றாம் வருஷம் வரும்போது அவனிடம் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அதுவரைக்கும் என்ன படித்தான் என்று கேளுங்கள்.

*மேடம், வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கும் நீங்கள் சொல்லும் பாடத்துக்கும் தொடர்பு உண்டா?*
*– ஒரு வாசகர், அருவங்காடு*

நிறையவே உண்டு. அந்தப் பாதுகாப்புப் பணிகள் அதிகாரிகள் கல்லூரி முன்பு குவெட்டாவில் இருந்தது. 1947 பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியாவின் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே வந்து படிக்கிறார்கள். குன்னூர் கடைவீதியில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு ராணுவக் குடும்பங்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

*டீச்சர், தமிழ் வழியில் படித்து இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். புத்தகமெல்லாம் ஆங்கிலம். வகுப்பில் வாய் திறக்கப் பயம்.*
*– ஒரு மாணவி, குன்னூர்*

நானும் அப்படி வந்தவள்தான் மகளே, முதல் வருஷம் முழுக்க வாய் திறக்கவில்லை. ஒரு நோட்டுப் போடு. பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்: இறையாண்மை, அதிகாரச் சமநிலை, அணிசேராமை. அதன் கீழே உனக்குத் தெரிந்த ஓர் உதாரணம், செய்தியில் பார்த்ததாக இருக்கட்டும். கச்சத்தீவை எடுத்தால் இறையாண்மையும் கடல் எல்லையும் மீன்பிடி உரிமையும் ஒரே இடத்தில் கிடைக்கும். தினமும் ஒரே வெளிநாட்டுச் செய்தியை ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் படி. இரண்டு மாதத்தில் ஆங்கிலத்தின் பயம் போய், ஆங்கிலத்தின் வேலை மட்டும் மிச்சமிருக்கும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் மறக்காதே. கருத்து தெளிவாக இருக்கட்டும்.

*அம்மா, எனக்கு 78 வயது. நாங்கள் 1970களில் வந்தவர்கள். எங்கள் குடும்ப அட்டை கிழிந்துகொண்டே போகிறது. பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுக்கிறேன் என்கிறான் கடைப் பையன். ஒட்டலாமா? இனிமேல் அது யாருக்குத் தேவைப்படும்?*
*– ஒரு வாசகர், கூடலூர்*

அண்ணே, தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் பழைய மை கலங்கும், பிறகு பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். நல்ல வெயில் வெளிச்சத்தில், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தை வீட்டில் இரண்டு மூன்று பேர் போனில் வைத்திருக்கட்டும். அட்டையை மடிக்காமல் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, கனமான நோட்டுக்குள் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியின் மேல் தட்டுதான் நல்லது, தரையோடு வேண்டாம்.

யாருக்குத் தேவைப்படும் என்று கேட்டீர்கள். முதல் கேள்வி கேட்ட சேரம்பாடிப் பெண்ணுக்குத் தேவைப்படும். உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பேரனோ பேத்தியோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் காட்டி, அவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எப்போது வந்தார், வராமல் அங்கேயே நின்றவர் யார் என்று சொல்லச் சொல்ல அவர்கள் எழுதட்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறிய ராத்திரியிலிருந்து தொடங்குங்கள்.