பழைய ப்ளேஸ்டேஷனில் டூம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன மாதக் குறிப்பில், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டிவியில் மாட்டி ஆடுகிற பழைய ப்ளேஸ்டேஷனில் டூம் என்ற கேமை ஆடியதாகவும், ஒரு இடத்தில் தாங்காமல் எழுந்து விளக்கைப் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த ஆர்வத்தில் அந்த கேமை லேப்டாப்பில் வாங்கி ஆடினேன். ஒரே மதியத்தில் முதல் எபிசோட் முடிந்துவிட்டது. வேகமாக இருக்கிறது, ஜாலியாக இருக்கிறது. பயம் மட்டும் துளிகூட வரவில்லை. அரக்கர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல இருக்கிறார்கள். பின்னால் ராக் இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. "சின்ன வயசு ஞாபகம்தான் அவருக்குப் பயமா தெரியுது" என்கிறார் என் கணவர். அப்படித்தானா?

இன்னொன்று, கேட்பது தப்பென்றால் மன்னியுங்கள். படிக்கவும் எழுதவும் இத்தனை இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு நேரம்?

அன்புடன்,
ர., கரூர்

அன்புள்ள ர.,

கேட்டதில் தப்பே இல்லை. நீங்கள் ஆடியதும் டூம், நான் ஆடியதும் டூம். ஆனால் இரண்டும் வேறு வேறு. அதை அந்தக் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். ப்ளேஸ்டேஷன் என்று எழுதியதே போதும் என்று நினைத்துவிட்டேன்.

உங்களிடம் இருப்பது 1993 டிசம்பரில் கம்ப்யூட்டருக்காக வந்தது. ஜான் கார்மாக்கும் ஜான் ரொமேரோவும் இருந்த இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் செய்தது. செவ்வாயின் நிலாக்களில் ஆய்வுக்கூடங்கள், அங்கே நரகத்தின் வாசல் திறந்துகொள்கிறது, ஒற்றைச் சிப்பாய் உள்ளே போகிறான். கதை அவ்வளவுதான். அதற்கு இசை போட்டவர் பாபி பிரின்ஸ். முதல் லெவலான 'ஹேங்கர்' தொடங்கியதுமே கிட்டார் அடிக்கத் தொடங்கிவிடும், கேட்டவுடன் கால் தானாகத் தாளம் போடும். அந்த இசை "போ, அடி" என்று நம்மை முன்னால் தள்ளுகிறது. கூடவே ஒரு கூட்டம் வருகிற தைரியம் கிடைத்துவிடுகிறது. அதை ஆடிவிட்டுப் பயமே வரவில்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். எனக்கும் அதில் பயம் வந்ததில்லை.

1995 நவம்பரில் இதே கேம் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது. வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இதில் இசையும் ஒலியும் ஆப்ரி ஹாட்ஜஸ் என்பவருடையவை. பாபி பிரின்ஸின் பாட்டு ஒன்றுகூட இதில் கிடையாது. மெட்டே இல்லை, தாளமும் இல்லை. அடித்தொண்டையில் யாரோ விடாமல் முனகுவதுபோல ஓர் ஒலி. எங்கோ இரும்பை இரும்பில் தேய்க்கிறார்கள். நீளமான பைப்புக்குள் காற்று போய்வருகிறது. சில லெவல்களில் குழந்தை அழும். அந்த அழுகையை முதல்முறை கேட்டபோது நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு பக்கத்து வீட்டுப் பக்கம் காது கொடுத்தேன்.

அரக்கர்களின் உறுமல், கதவு திறக்கிற சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாமே புதிதாகச் செய்யப்பட்டவை. ப்ளேஸ்டேஷனின் ஒலிச் சில்லுக்கு எதிரொலி உண்டாக்கத் தெரியும். அதனால் சுடுகிற சத்தம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது, அந்த இடத்தில் நாம் ஒருவர்தான் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேலை நடக்கிறது. பின்னணி இசையும் அரக்கர்களின் சத்தமும் ஒரே சரக்கில் செய்தவைபோல இருக்கின்றன. முனகல் இசையிலும் இருக்கிறது, அரக்கனிடமும் இருக்கிறது. கேட்கிற எந்தச் சத்தத்தையும் "இது சும்மா இசைதான்" என்று ஒதுக்க முடியாது. கம்ப்யூட்டர் டூமில் உறுமல் கேட்டால் கிட்டாரைத் தாண்டித் தனியாகக் கேட்கும், திரும்பிச் சுடலாம். இங்கே வந்தது உறுமலா இல்லையா என்பதே சந்தேகம்.

உங்கள் கணவர் சொன்னது எனக்கும் தோன்றியதுதான். சின்ன வயது ஞாபகமாக இருக்குமோ என்று போன தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகனை உட்கார வைத்தேன். காலேஜ் இரண்டாம் வருஷம். அவன் பிறக்கும்போது இந்த கேம் பழசாகிவிட்டது, அவனுக்கு இதில் ஞாபகம் என்று எதுவும் இருக்க வழியில்லை. முதல் பத்து நிமிடம் "என்ன மாமா, எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது" என்று சிரித்துக்கொண்டு ஆடினான். மூன்றாவது லெவலில் சிரிப்பு நின்றது. இருட்டு வழி ஒன்றின் வாயில் போய் நின்றான். உள்ளே போகவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "மாமா, அந்தச் சத்தம் கேம்ல வருதா, வெளியேருந்தா?" வெளியே தெருவில் ஒன்றுமில்லை. பட்டாசுகூட ஓய்ந்திருந்தது.

அவன் நின்ற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூமில் ஒரு இடத்தில் சுட்டால் அந்தச் சத்தம் திறந்த வழியெல்லாம் பரவும். அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று போய், தூங்குகிற அரக்கர்களை எழுப்பிவிடும். மூடிய கதவு அதைத் தடுக்கும். எழுந்தவை சும்மா நிற்காமல் நம்மைத் தேடிக் கிளம்பும், வரும்போது அவ்வப்போது உறுமும். அதாவது, இரண்டு நிமிடத்துக்கு முன் நாம் சுட்ட ஒரு குண்டுக்கான பதில் இப்போதுதான் இருட்டுக்குள் நடந்து வந்துகொண்டிருக்கிறது. இந்த ஏற்பாடு கம்ப்யூட்டர் டூமிலும் அப்படியே இருக்கிறது. கிட்டார் சத்தத்தில் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஹாட்ஜஸ் அந்தக் கிட்டார் இசையை எடுத்துவிட்டதும், முன்பே இருந்த அந்த நடமாட்டம் காதில் விழத் தொடங்கிவிட்டது.

தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? துரியோதனன் நேராக மேடைக்கு வருவதில்லை. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் அவன் ஆடுவான். சலங்கைச் சத்தம் கேட்கும், பாட்டும் கர்ஜனையும் கேட்கும், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி வந்து வந்து போகும். முன்வரிசைக் குழந்தைகள் அழுவது அப்போதுதான். திரையை எடுத்து ஆள் முழுசாகத் தெரிந்ததும் அழுகை அடங்கி, வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதில் நானே அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சலங்கையைக் கேட்டிருக்கிறேன். ப்ளேஸ்டேஷன் டூமில் அந்தத் திரை விலகுவதே அபூர்வம். அரக்கர்கள் அட்டை மாதிரி இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், அவை தட்டையான படங்கள்தான். ஆனால் அவற்றை முழு வெளிச்சத்தில் பார்க்கிற நேரம் மிகக் கொஞ்சம்.

வெளிச்சத்தையும் இதில் மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் டூம் மொத்தமாகவே 256 நிறங்களுக்குள் வேலை செய்தது, அறைக்கு அறை வெளிச்சம் கூடும் குறையும், வெளிச்சத்துக்கு நிறம் கிடையாது. ப்ளேஸ்டேஷனில் ஒவ்வொரு பகுதிக்கும் வண்ண வெளிச்சம் கொடுக்க முடிந்தது. அமிலக் குளத்துக்குப் பக்கத்துச் சுவரில் பச்சை படர்கிறது, இன்னோர் அறை முழுக்கச் சிவப்பு. மொத்தத்தில் இருட்டும் கூடுதல். பழைய டப்பா டிவியில் அந்த இருட்டு வெறும் கறுப்பாக இருக்காது, லேசாகக் கலங்கியபடி இருக்கும். அதற்குள் பாதி கண்ணுக்குத் தெரியாத ஸ்பெக்டர் என்ற அரக்கன் நின்றால், அது கடிக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

அப்புறம் சேவ், அதாவது ஆட்டத்தை நின்ற இடத்தில் பதிந்துவைப்பது. நீங்கள் லேப்டாப்பில் எத்தனை தடவை சேவ் செய்தீர்கள்? நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், செத்தால் பத்து நொடியில் அதே கதவு முன்னால் நிற்கலாம். ப்ளேஸ்டேஷன் டூமில் லெவலுக்கு நடுவில் சேவ் கிடையாது. லெவல் முடிந்தால் பத்து எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட் தருவான், ஆங்கில மெய்யெழுத்துகளும் எண்களும் கலந்தது. அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை அதைப் போட்டால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாமா சிங்கப்பூரிலிருந்து இந்த கன்சோலைக் கொண்டுவந்த வருஷம் நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்காக ஒதுக்கினேன். ஒரு நாள் அவசரத்தில் 8-ஐ பி மாதிரி எழுதிவிட்டேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்து போட்டால் ஏற்கவில்லை. எந்த எழுத்தில் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

இதைக் குறையாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால் பயத்தில் பாதி இங்கேயிருந்து வருகிறது. இருபத்தைந்து நிமிடமாக ஆடி, உடலில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் உயிர் மிச்சம், கையில் நாலு தோட்டா, முன்னால் ஒரு கதவு. செத்தால் வெறும் கைத்துப்பாக்கியோடு லெவலின் வாசலுக்குப் போக வேண்டும். அந்த இருபத்தைந்து நிமிடம் நிஜமான நேரம், என்னுடைய நேரம். அதை இழந்துவிடுவோம் என்பதுதான் அந்தக் கதவைத் திறக்கவிடாமல் பிடிக்கிறது. போதாததற்கு அந்தக் காலத்துக் கன்ட்ரோலரில் விரலால் சாய்த்துத் திருப்புகிற குச்சியே கிடையாது, திசைப் பட்டன்கள் மட்டும்தான். பின்னால் சத்தம் கேட்டால் மவுஸில் போல வெடுக்கென்று திரும்ப முடியாது. கெட்ட கனவில் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்ப வேண்டும்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். இந்த டிஸ்கில் முதல் டூமும் இரண்டாம் டூமும் சேர்ந்து 59 லெவல்கள் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தின் பெரிய திறந்தவெளிகளில் கூட்டம் சேர்ந்தால் படம் திணறும், அங்கே பயமும் கலைந்துபோகும். எனக்கு அந்த லெவல்களில் மனசு ஒட்டவே இல்லை. குறுகிய வழியும் தாழ்ந்த கூரையும் உள்ள இடங்கள்தான் இந்த ஒலிக்கு ஏற்றவை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு.

முதல் காரணம், எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. வேறு காரணமே இல்லாவிட்டாலும் ஆடியிருப்பேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வருஷம் எழுதிக்கொண்டிருக்கிற நாவலில் ஓர் அத்தியாயம் ஐந்து மாதமாக நகரவில்லை. ஆள் இல்லாத ஒரு பெரிய வீடு, அதற்குள் ஒரு பையன் ராத்திரியில் மாட்டிக்கொள்கிறான். அந்த வீட்டைத் தூண் தூணாக வர்ணித்திருந்தேன். மாடியில் அவன் பார்க்கிற உருவத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். எத்தனை தடவை திருத்தினாலும் அட்டை பொம்மையாகவே நின்றது. நீங்கள் சொன்ன அதே அட்டை. அந்த ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டேன் என்று எழுதினேன் அல்லவா, போட்டுவிட்டு நேராக மேசைக்குத்தான் போனேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை அடித்தேன். அவன் எதையும் பார்ப்பதில்லை. கீழே நிற்கிறான், மேலே மரப்பலகையில் யாரோ எடை மாற்றி நிற்கிற சத்தம் கேட்கிறது, முன்பு தான் கூப்பிட்ட குரலுக்குத்தான் அது எழுந்துவந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிகிறது. இப்போது அத்தியாயம் நகர்கிறது. ஹாட்ஜஸின் பெயர் நாவலில் எங்கும் வராது, ஆனால் அந்தப் பக்கங்களில் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பழைய கன்சோலைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். ஹாட்ஜஸ் 1997-இல் நின்டெண்டோ 64 என்ற இன்னொரு கன்சோலுக்காக வந்த டூம் 64-க்கும் ஒலி அமைத்திருக்கிறார். மிட்வே நிறுவனம் செய்தது. லெவல்கள் எல்லாம் புதியவை, ப்ளேஸ்டேஷன் டூமைவிட இன்னும் இறுக்கமாக, இன்னும் தனிமையாக இருக்கும். நைட்டைவ் ஸ்டுடியோஸ் மறுபடி செய்த பதிப்பு 2020-இல் வந்திருக்கிறது, உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். இருட்டாக இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் குறைப்பட்ட கேம் அது. இப்போது வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறது, தயவுசெய்து கூட்டாதீர்கள். நடுவில் சேவும் செய்யாதீர்கள், லெவல் முடிந்த பிறகு மட்டும்.

மதியத்தில் ஆட வேண்டாம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல் லெவல் தொடங்கியதும் உடனே நடக்காமல், நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள். உங்கள் கணவரையும் ஒரு காதில் கேட்கச் சொல்லுங்கள். என்ன கேட்டது என்று இரண்டு பேரும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.