நிசெகோவா, நொசாவாவா? அவசர நிதியைத் தொடாமல் ஒரு பனிச்சறுக்குப் பயணம்

கேள்வி: எனக்கு வயது 28. சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். பிடித்தம் போக மாதம் 3,400 வெள்ளி கைக்கு வருகிறது. கல்விக்கடனில் இன்னும் 11,000 வெள்ளி பாக்கி இருக்கிறது. மாதம் 450 வெள்ளி கட்டி வருகிறேன். அவசரத் தேவைக்கென்று 9,000 வெள்ளி வைத்திருக்கிறேன். அடுத்த பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள நிசெகோவுக்கு ஸ்னோபோர்டிங் (ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குவது) செல்ல நண்பர்கள் நால்வர் திட்டமிட்டிருக்கிறோம். தலைக்கு 4,500 வெள்ளி ஆகும் என்கிறார்கள். ஒருவர் நன்றாகச் சறுக்குவார். நானும் இன்னொருவரும் சுமார். நான்காமவர் பனியையே பார்த்ததில்லை. இந்த ஜூனிலிருந்து மாதம் 350 வெள்ளி வரை என்னால் ஒதுக்க முடியும். மீதியை அவசர நிதியிலிருந்து எடுப்பதா, கடன்பற்று அட்டையில் போட்டுப் பிறகு கட்டுவதா? ஜப்பானில் வேறு இடம் பார்க்கலாமா?

பதில்: ஜூன் தொடங்கி ஜனவரி வரை எட்டு மாதங்கள் 350 வெள்ளி வீதம் ஒதுக்கினால் உங்களிடம் 2,800 வெள்ளி சேரும். உங்கள் பயணத்தின் எல்லை அதுதான்; அந்தத் தொகைக்குள் எந்த மலை அடங்கும் என்று தேட வேண்டுமே தவிர, மலையை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பற்றாக்குறைக்குப் பணம் தேடக் கூடாது. அவசர நிதியைத் தொட வேண்டாம். கடன்பற்று அட்டையில் நிலுவை வைத்தால் சிங்கப்பூர் வங்கிகள் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி வாங்குகின்றன. கல்விக்கடனை ஒழுங்காக அடைத்துவரும் ஒருவர் ஒரு வார விளையாட்டுக்காக அதைவிடப் பல மடங்கு வட்டியுள்ள கடனை ஏற்றுக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டுமே விரிவான பதில் தேவைப்படுகிறது. பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

நிசெகோவின் பனியைப் பற்றி எவரும் குறை சொல்ல முடியாது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, எதிர்ப்படும் முதல் மலைகளின்மேல் அதைக் கொட்டிவிடுகிறது; ஹொக்கைடோவின் கடுங்குளிரில் அது மாவுபோல் உலர்ந்த பனியாக விழுகிறது. அந்தப் பனியைத் தேடி முதலில் ஆஸ்திரேலியர்கள் திரண்டு வந்தார்கள். பின்னர் ஆசிய முதலீடு வந்தது. அன்னுப்புரி மலையைச் சுற்றியுள்ள நான்கு சறுக்குத் தளங்களில் நிசெகோ வில்லேஜ் மலேசியாவின் ஒய்டிஎல் குழுமத்திடமும், ஹனசோனோ ஹாங்காங் முதலீட்டாளர்களிடமும் இருக்கின்றன. இதனால் அங்கே விலைகள் ஜப்பானியரின் சம்பளத்துக்கு ஏற்ப அல்லாமல் உலகச் சந்தைக்கு ஏற்ப நிர்ணயிக்கப்படுகின்றன. சறுக்குவோரை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு, நான்கு தளங்களுக்கும் பொதுவான ஒருநாள் சீட்டு 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. சீனப் புத்தாண்டு வாரத்திலோ சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வருவோர் அனைவரும் ஒரே நேரத்தில் அறை தேடுவதால் வாடகை உச்சத்தை எட்டிவிடும். உங்கள் நண்பர்களின் மதிப்பீடு மிகையானதென்று நான் கருதவில்லை. அந்த வாரத்துக்கு 4,500 வெள்ளி பற்றாமலும் போகலாம்.

ஆனால் நான் நிசெகோவைத் தவிர்க்கச் சொல்வதற்கு விலை மட்டும் காரணமன்று. அங்கே நால்வர் சேர்ந்து எடுப்பது பெரும்பாலும் சமையலறையுடன் கூடிய அடுக்குமாடி வீடு. வாடகை வீட்டுக்குத்தான், ஆளுக்கு அன்று. உச்சப் பருவத்தில் பல வாரங்களுக்கு முன்பே முழுத் தொகையையும் கேட்பார்கள். கட்டிய பணம் எளிதில் திரும்பாது. நால்வரில் ஒருவர் வேலை மாறினாலோ விடுப்புக் கிடைக்காமல் விலகினாலோ அவருடைய பங்கை மற்ற மூவரும் சுமக்க வேண்டியிருக்கும். நட்பில் கணக்குப் பார்ப்பது அழகில்லை என்று எண்ணுவோர் உண்டு. கணக்குப் பார்க்காமல் போய்வந்து, பிறகு முகம்கொடுத்துப் பேசாமல் இருப்போரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செல்ல வேண்டிய இடம் நகானோ மாநிலத்தில் உள்ள நொசாவா ஓன்சென் என்பது என் கருத்து. சறுக்குத் தளத்தோடு சேர்ந்து வளர்ந்த பழைய வெந்நீர் ஊற்றுக் கிராமம் அது. உச்சி 1,650 மீட்டர்; உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கம் உண்டு. நன்றாகச் சறுக்கும் உங்கள் நண்பருக்கு மேலே யமபிக்கோ பகுதியின் பனி போதும்; முதன்முறை வருபவருக்குக் கீழே ஹிக்காகே பகுதியில் பயிற்சிச் சரிவுகள் உள்ளன. லிஃப்ட் சீட்டு நிசெகோவைவிடக் கணிசமாகக் குறைவு. கிராமத்தில் 13 பொதுக் குளியல் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். மாலைப் பொழுதைச் செலவின்றிக் கழிக்க இடம் இருப்பது வரவுசெலவுக்கு எவ்வளவு துணைசெய்யும் என்பதை மதுக்கூடங்கள் நிறைந்த சறுக்கு நகரங்களுக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

தங்குவதற்கு மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதிகளைப் பாருங்கள். அவற்றில் காலை உணவும் இரவு உணவும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதே வழக்கம். நால்வர் பகிர்வதால் விலை குறையாது என்பது ஒரு குறைதான். ஆனால் ஒருவர் விலகினால் உங்கள் பங்கு பெரும்பாலும் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். சைவம் மட்டும் உண்பவர் குழுவில் இருந்தால் முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். மீன் சாறு கலவாத உணவு தருவது அவர்களுக்கு எளிதன்று, சில விடுதிகள் மறுத்துவிடும்.

காலமும் இடத்தைப் போலவே விலையை மாற்றும். சீனப் புத்தாண்டை விட்டுவிடுங்கள். நகானோவுக்கு உள்நாட்டவரும் திரளாக வருவதால் ஜப்பானிய விடுமுறைகளையும் தவிர்க்க வேண்டும்: பிப்ரவரி 11 தேசிய நிறுவன நாள், பிப்ரவரி 23 பேரரசரின் பிறந்தநாள். அந்த 23 கழிந்த பிறகு, வார நாட்களைப் பெரும்பகுதியாகக் கொண்டு ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் நெருங்கும்போது நொசாவா இருக்கும் ஹொன்ஷு தீவின் பனி ஹொக்கைடோவின் பனியைவிடக் கனமாகிவிடும், அடிவாரத்தில் மழை பெய்யவும் கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. உச்சியில் பனி இருக்கும். நால்வரில் மூவர் இன்னும் சமாளிக்கவே பழகும் நிலையில் இருக்கும்போது, மிகச் சிறந்த பனிக்காக ஆளுக்கு 1,700 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது வீண்.

இனி கணக்கு. ஒரு வெள்ளிக்கு 110 யென் என்று வைத்துத் திட்டமிடுங்கள். டோக்கியோவில் ஓர் இரவு, நொசாவாவில் ஐந்து இரவு எனத் தங்க 75,000 யென், நான்கு நாள் லிஃப்ட் சீட்டுக்கு 30,000, பலகை, காலணி, பனியுடை வாடகைக்கு 28,000, ரயிலுக்கும் பேருந்துக்கும் 20,000, மதிய உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் 21,000, எதிர்பாராதவற்றுக்கு 16,000. ஆக 190,000 யென், அதாவது ஏறத்தாழ 1,730 வெள்ளி. விமானச் சீட்டுக்கு 800, காப்புறுதிக்கு 80 சேர்த்தால் 2,610 வெள்ளி. இவை நான் ஒதுக்கச் சொல்லும் தொகைகள், விலைப்பட்டியல் அல்ல. பதிவு செய்யும்போது ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். மீதமுள்ள 190 வெள்ளியைச் செலவழிக்க வழி தேடாதீர்கள்.

ரயில் விஷயத்தில் ஒரு பழைய அறிவுரையை மறந்துவிட வேண்டும். ஜப்பானுக்குப் போகும் எல்லாரும், குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில்களில் விருப்பம்போல் பயணம் செய்ய உதவும் ஜேஆர் பாஸ் வாங்க வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து ஹொக்குரிகு ஷின்கன்சென் அதிவேக ரயிலில் ஈயாமா நிலையத்துக்குச் சென்று திரும்பும் கட்டணம் அதில் பாதியைக்கூட எட்டாது, தனிச்சீட்டே லாபம். ஈயாமாவிலிருந்து நொசாவாவுக்குப் பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வேகமான ககயாக்கி வண்டி ஈயாமாவில் நிற்காது, ஹக்குதாக்காவில் ஏறுங்கள்.

நாணய மாற்றில் சூதாடாதீர்கள். 2021 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 80 யென்கூடக் கிடைக்கவில்லை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 118க்கு மேல் கிடைத்தது. அடுத்த சில வாரங்களிலேயே 110க்கு அருகில் இறங்கியது. இன்னும் மலிவாகட்டும் என்று காத்திருப்பதற்குப் பதிலாக, ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மாதந்தோறும் பலநாணய அட்டையில் யென்னாக மாற்றி வையுங்கள். சாதாரணக் கடன்பற்று அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால் 3 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கக்கூடும். கடையில் கருவி ‘வெள்ளியிலா, யென்னிலா’ என்று கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள்.

சொந்தப் பலகை வாங்கும் ஆசை யாருக்காவது வந்தால், ஆண்டுக்கு ஒருமுறைகூட உறுதியாகப் பனிக்குப் போகாதவருக்கு வாடகையே மலிவு என்று சொல்லுங்கள். விமானத்தில் கொண்டுபோகும் தொல்லை வேறு. மிகவும் ஆசையிருந்தால் டோக்கியோவின் கண்டா ஒகவமாச்சிப் பகுதியில் பனிச்சறுக்குக் கடைகள் வரிசையாக உள்ளன. பருவ இறுதியில் தள்ளுபடி கிடைக்கும். 2026 நவம்பர் 1 முதல் பயணிகள் 10 விழுக்காடு நுகர்வு வரியைக் கடையில் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுப் புறப்படும்போதுதான் திரும்பப் பெற முடியும் என்பதால், அந்தப் பணம் சிறிது காலம் கையைவிட்டுப் போகும்.

காப்புறுதியில் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி குளிர்கால விளையாட்டை உள்ளடக்குகிறதா, தளத்தின் எல்லைக்கு வெளியே சறுக்கினால் இழப்பீடு மறுக்கப்படுமா என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். எல்லைக் கயிற்றைத் தாண்டிச் சென்று மாட்டிக்கொண்டால், தேடி மீட்ட செலவு உங்கள் தலையில்தான் விழும். புதிதாக ஸ்னோபோர்டு பழகுவோர் கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டு முறிவது சகஜம். பனியைப் பார்க்காத நண்பருக்கு ஒரு மணிக்கட்டுக் கவசமும், முதல் நாளில் அரைநாள் பயிற்சி வகுப்பும் கட்டாயம். வகுப்புக் கட்டணத்தை அவர் தனியே ஒதுக்கட்டும்.

நண்பர்களிடம் பேசும்போது 2,800 வெள்ளி என்ற எண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மழுப்பினால் பேச்சு மறுபடியும் நிசெகோவுக்கே திரும்பும். சறுக்கும் திறன் ஆளுக்கு ஒரு தரமாக இருப்பதால், பல சரிவுகள் வேண்டும் என்று அவர்கள் விரும்பினால் அதே நகானோவில் உள்ள ஹக்குபாவுக்கு இசையலாம்: 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகளில் சில நடந்த ஹப்போ ஒனே வல்லவருக்கும், அகன்ற மென்சரிவுள்ள ட்சுகாய்க்கே புதியவருக்கும் பொருந்தும். தளங்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடப்பதால் பேருந்து நேரத்தைப் பார்த்து நடக்க வேண்டும், டாக்சிச் செலவும் சேரும். அங்கே நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள் சறுக்கினால் உங்கள் தொகைக்குள் முடிக்கலாம். நிசெகோதான் என்று மூவரும் பிடிவாதமாக நின்றால், சீனப் புத்தாண்டில் அவர்கள் போகட்டும். நீங்கள் இந்த முறை விலகிக்கொள்வதாக, எவரும் முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த மாதமே தெரிவித்துவிடுங்கள்.